சொட்டாத பம்ப்பும் வெள்ளிக்கிழமை நல்ல நேரமும்

என் வீட்டுக்காரரின் வேலைச் சட்டைகள் கொடியில் காயும்போது அவற்றின் ஊடாகப் பக்கத்து வளவு வாழைமரம் தெரியும். கிழிசல் என்று சொல்ல முடியாது. ஊசியால் குத்திக் குத்தி எடுத்ததுபோல் சின்னச் சின்ன ஓட்டைகள். காய்ந்திருக்கும்வரை சட்டை நன்றாகத்தான் இருக்கும். நனைத்துப் பிழிந்தால் துணி நூல்நூலாகக் கையோடு வந்துவிடும். துணி சரியில்லை என்று கண்டி டவுனில் ஒரு கடைக்காரரோடு நான் சண்டைகூடப் போட்டிருக்கிறேன். பாவம் அந்த மனுஷன், தொல்லை தாங்காமல் வேறு சட்டை தந்து அனுப்பினார். அதுவும் கொஞ்ச நாளில் சல்லடையாகிவிட்டது.

பிழை துணியில் இல்லை, அவர் நிற்கிற இடத்தில். அலவத்துகொடைப் பக்கம், இரும்புக் கேட்டுகளுக்கும் வேலித் தூண்களுக்கும் துத்தநாகம் பூசிக் கொடுக்கும் தொழிற்சாலையில் அவருக்கு வேலை. பூசுவதற்கு முன்னால் இரும்பை அசிட்டில் ஊறவைத்துத் துருவைக் கழற்ற வேண்டும். அசிட் தொட்டிகள் மேலே, நாலு பக்கமும் காற்று வரும் தகரக் கொட்டகையில் இருந்தன. கீழே, மலைச்சரிவை வெட்டிக் கட்டிய ஓர் அறைக்குள் அந்த அசிட்டைச் சுற்றிச் சுற்றி ஓடவைக்கும் பம்ப். அறைக்கு ஒரு கதவும் ஒரு சின்ன ஜன்னலும்தான். அந்த அறை இவர் பொறுப்பு. பம்ப் சொட்டும், இவர் இறுக்குவார். மறுபடி சொட்டும், மறுபடி இறுக்குவார். சொட்டிய இடத்தில் சுண்ணாம்பைத் தூவிக் கழுவிவிடுவார். ஆனால் அந்த அசிட் சொட்டோடு நிற்பதில்லை, புகையாக எழும்பும். சட்டையைத் தின்றது அந்தப் புகைதான். சட்டைக்குள் இருந்த நெஞ்சையும் அது விட்டுவைக்கவில்லை.

முதலில் வெறும் இருமல் என்றுதான் இருந்தோம். கொத்தமல்லி அவித்துக் குடித்தார், தைலம் தேய்த்தார். பிறகு பேசிக்கொண்டிருக்கும்போதே வாக்கியம் பாதியில் நிற்கத் தொடங்கியது. ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். டொக்டர் சுற்றிவளைக்காமல் சொன்னார்: அந்தக் காற்றிலிருந்து வெளியே வந்தால் நெஞ்சு தேறும், இன்னும் கொஞ்சக் காலம் அதிலேயே நின்றால் போன மூச்சு திரும்பி வராது. வரும் வழியில் பஸ்ஸிலேயே ஆரம்பித்தேன், வேலையை விடுங்கள் என்று. வீட்டுக்கு வந்தும் விடவில்லை. கெஞ்சினேன், கத்தினேன், சட்டியை டங்கென்று வைத்தேன்.

"நான் வந்துட்டா அந்த ரூம்ல யாரு நிப்பா? வேற ஒருத்தன் வந்து நிப்பான். அவனுக்கும் நெஞ்சுன்னு ஒண்ணு இருக்குல்ல," என்றார் அவர்.

இப்படி நியாயம் பேசுகிற மனுஷனைக் கட்டிக்கொண்டு சண்டை பிடிப்பது பெரிய கஷ்டம். கோபப்படவும் விடமாட்டார்.

சரி, ஆள் வெளியே வரமாட்டார் என்றால் சொட்டு நிற்க வேண்டும். இதில் தலையிட எனக்கு உரிமை இருந்தது. பம்ப் என் தொழில். குட்ஷெட் பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில், பழைய பம்ப்புகளைத் திருத்தியும் புதிதாகச் செய்தும் கொடுக்கும் வர்க்‌ஷொப் ஒன்றில் நான் படம் கீறுகிறவள். தொழில்நுட்பக் கல்லூரியில் படித்துவிட்டு வந்த நாளிலிருந்து அங்கேதான். சொந்தக்காரப் பெண்களெல்லாம் டீச்சரம்மா ஆனார்கள். என்னைப் பற்றிக் கேட்டால் என் மாமியார், "அது என்னமோ தண்ணி மெஷின் படம் போடுது" என்பார். அதிலும் பொய் இல்லை.

ஒரு பம்ப்பை யோசிக்கத் தொடங்கினால் நான் ஓட்டையில் இருந்துதான் தொடங்குவேன். சாதாரண பம்ப்பில் மோட்டார் வெளியே இருக்கும், திரவத்தைத் தள்ளும் சக்கரம் உள்ளே இருக்கும். இரண்டையும் இணைக்கும் தண்டு பம்ப்பின் சுவரைத் துளைத்துக்கொண்டு போக வேண்டும். தண்டு சுழல வேண்டுமென்றால் அதைச் சுற்றி மயிரிழை இடமாவது வேண்டும். இடம் இருந்தால் திரவம் வரும். பம்ப் செய்கிறவர்களின் தலைவலியில் பாதி இந்த மயிரிழைதான். கயிற்றைச் சுற்றி அடைத்து இறுக்குவது ஒரு வழி. அந்த அறையில் இருந்த பழைய பம்ப் அந்த வகை. வேடிக்கை என்னவென்றால், அந்தக் கயிறு கொஞ்சம் சொட்டத்தான் வேண்டும். சொட்டு வருவதால்தான் அது சூடாகாமல் இருக்கிறது. சொட்டே வராதபடி இறுக்கினால் உராய்ந்து கருகிவிடும். அதனால் பம்ப் வேலை செய்கிற பாஸ்மார், அதாவது மேஸ்திரிமார், குனிந்து பார்த்துவிட்டு, "சொட்டுது, அப்ப நல்லாத்தான் இருக்கு" என்பார்கள். தண்ணீருக்கு அது சரி. இன்னொரு வழி, கண்ணாடிபோல் தேய்த்த இரண்டு வளையங்களை முகத்தோடு முகம் வைத்து அழுத்துவது. அது நன்றாகவே வேலை செய்யும். ஆனால் தேயும், தேய்ந்த அன்றைக்கு அதுவும் கசியும்.

அப்படியென்றால் ஓட்டையே போடாவிட்டால் என்ன?

இதை நான் எங்கள் சேரிடம் கேட்டேன். சேர்தான் வர்க்‌ஷொப்பின் சொந்தக்காரர், யாழ்ப்பாணத்து ஆள், பொறியியலாளர். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுத்தான் எதையும் யோசிப்பார். "ஓம், அப்பிடி ஒண்டு இருக்கு," என்றார். "காந்தத்தால சுத்துறது. வெளிநாட்டில செய்யினம். நாங்கள் இன்னும் தொட்டுப் பாக்கேல்ல. நீர் கீறும் பாப்பம்." அதோடு கண்ணாடியை இறக்கிக்கொண்டு தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டார். அவருக்கு அது ஒரு வரி. எனக்கு அன்று முதல் தூக்கம் போய்விட்டது.

தண்டை இரண்டாக வெட்டிவிடுவது, இதுதான் அந்த யோசனை. ஒரு பாதி மோட்டாரோடு வெளியே நிற்கும், மறு பாதி சக்கரத்தோடு உள்ளே நிற்கும். நடுவில் ஓட்டை இல்லாத ஒரு கிண்ணம். வெளிப்பாதியின் நுனியில் காந்த வளையம், கிண்ணத்துக்கு வெளியே சுழலும். உள்பாதியிலும் காந்த வளையம், கிண்ணத்துக்கு உள்ளே இருக்கும். வெளியே இருப்பது சுழன்றால், சுவருக்கு அப்பால் இருப்பதும் அதன் பின்னால் சுழலும். ஒன்றை ஒன்று தொடுவதே இல்லை. படித்தபோது எனக்குப் புரிந்தது, ஆனால் நம்பிக்கை வரவில்லை. எனக்குக் கையால் செய்து பார்த்தால்தான் எதுவும் மண்டையில் ஏறும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு மேசையில் பிளாஸ்டிக் தட்டு ஒன்றைக் கையில் தூக்கிப் பிடித்து, மேலே ஒரு காந்தம், கீழே ஒரு காந்தம் வைத்தேன். கீழே இருப்பதை மெதுவாக வட்டமாக நகர்த்தினால் மேலே இருப்பதும் வட்டம் போட்டது. என் வீட்டுக்காரர் சோற்றைப் பிசைந்துகொண்டே பார்த்தார். "என்னா, சூனியம் வைக்கிறியா?" என்றார். உங்களுக்குத்தான் என்றேன். பிறகு தட்டுக்குமேல் இன்னொரு தட்டை வைத்தேன். காந்தம் சோம்பலாக வந்தது. மூன்றாவது தட்டு வைத்ததும் அசையவே இல்லை. ஆக, சுவர் தடித்தால் பலம், ஆனால் பிடி போய்விடும். சுவர் மெலிந்தால் பிடி நன்றாக இருக்கும், ஆனால் அசிட்டின் அழுத்தத்தைத் தாங்குமா என்று பயம். அந்த இரண்டுக்கும் நடுவில் எங்கே நிற்பது என்பதுதான் முழு வேலையும். மறுபடி ஒரே தட்டாக்கி, கீழே இருந்த காந்தத்தைச் சட்டென்று வேகமாக இழுத்தேன். மேலே இருந்தது பாதி வழியில் கைவிட்டு நின்றுவிட்டது. கீழே என் கை மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

"பாத்தியா, இழுத்த இழுப்புக்கு வராது," என்றார் அவர், தன்னைப் பற்றிச் சொல்வதுபோல் சிரித்துக்கொண்டு. சிரிப்பு இருமலில் முடிந்தது. நான் தட்டுகளை எடுத்து வைத்தேன்.

அடுத்து வந்த மாதங்களில் நான் வீட்டில் ஒரு மாதிரியாகத்தான் இருந்தேன். கிண்ணத்தை எதில் செய்வது? உலோகத்தில் செய்தால் உறுதி, ஆனால் சுழலும் காந்தத்துக்கு நடுவில் உலோகச் சுவர் நின்றால் அதற்குள் மின்சாரம் சுழித்துக்கொண்டு சுவரே சூடாகும். ஆகவே தடித்த பிளாஸ்டிக். உள்ளே இருக்கும் காந்தத்தை அசிட் தின்றுவிடும், ஆகவே அதற்கும் பிளாஸ்டிக் உறை. உள்பாதித் தண்டு எதன்மேல் நின்று சுழலும்? அங்கே எண்ணெய் போட முடியாது, கிரீஸ் வைக்க முடியாது. ஆகவே கல்போல் கடினமான பீங்கான் வகை பெயாரிங் ஒன்று, அதை நனைத்துக் குளிர வைப்பதற்கு அந்த அசிட்டேதான். ஓடுகிற அசிட்டில் கொஞ்சத்தைச் சின்னச் சின்ன வாய்க்கால்கள் வழியாகப் பெயாரிங்குக்குள் அனுப்பி, மறுபடி வழியோடு சேர்த்துவிடுவோம். எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம் இதுதான். எந்த அசிட்டுக்குப் பயந்து பூட்டி வைக்கிறோமோ, உள்ளே அதுதான் எண்ணெய், அதுதான் தண்ணீர். அது இல்லாமல் இந்தப் பம்ப் ஒரு கணமும் ஓடக்கூடாது.

சேர் என் படத்தைப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "இரும்பு கழுவுற அசிட்தானே. அதுக்குள்ள இரும்புத் தூளும் வருமெல்லே? உம்மட காந்தம் சும்மா விடுமே?"

எனக்கு அது தோன்றவே இல்லை. காந்தம் ஒன்றை வெறும் மருந்துப் போத்தலுக்குள் போட்டு இறுக மூடி, கயிறு கட்டி, என் வீட்டுக்காரரிடம் கொடுத்து அனுப்பினேன். தொட்டியின் அடியில் அதை இறக்கி எடுத்து, கழுவி, பொலித்தீனில் சுற்றிக்கொண்டு வந்தார். போத்தலுக்கு நல்ல கறுப்புத் தாடி வளர்ந்திருந்தது. துருவின் பொருக்கும் இரும்புத் தூளும். கொஞ்ச நாளிலேயே இந்தத் தாடி கிண்ணத்துக்குள் அடைந்து எல்லாவற்றையும் அரைத்துத் தள்ளியிருக்கும். பம்ப்புக்கு முன்னால் ஒரு வடிகூடை, அந்தக் கூடைக்குள்ளேயே தூளைப் பிடிக்க ஒரு காந்தம் என்று படத்தை மாற்றினேன். சேருக்கு நன்றி சொல்லவில்லை. ஒரு நாள் முழுக்க அவர்மேல் கோபமாகத்தான் இருந்தேன்.

தொழிற்சாலை முதலாளி ஒரு முஸ்லிம் பெரியவர்; எல்லோருக்கும் அவர் ஹாஜியார். நல்ல மனுஷன், ஆனால் வேலை நிற்பது என்றால் முகம் மாறிவிடும். நானும் சேரும் போய்ப் பேசியபோது, "தங்கச்சி, எனக்கும் அந்த மனுசன் இருமுறது காதுல கேக்குதுதானே," என்றார். "வெச்சுப் பாப்பம். சரிவரல்லயெண்டா பழையத்தையே பூட்டுவன். வேல நிக்க ஏலாது." அது நியாயமான பேச்சு. ஆனால் பழையதைப் பூட்டுவது என்றால் என் வீட்டுக்காரர் மறுபடி அதன் முன்னால் நிற்பது என்று எனக்கு மட்டும் வேறு அர்த்தத்தில் கேட்டது.

காந்தமும் பெயாரிங்கும் வெளிநாட்டிலிருந்து வந்தன. பம்ப்பின் உடம்பை எங்கள் வர்க்‌ஷொப்பிலேயே பிளாஸ்டிக் கட்டியில் கடைந்தோம். தண்ணீர் விட்டு ஓட்டிப் பார்த்தோம். சத்தமே இல்லாமல் ஓடியது. கீழே காகிதத்தை விரித்து வைத்தேன், ஈரம் படவில்லை. பெருமையில் அன்றைக்கு நான் பஸ்ஸை விட்டுவிட்டு வாவிக் கரையோரமாகக் கொஞ்சத் தூரம் நடந்தே போனேன்.

பூட்டுகிற நாள் வெள்ளிக்கிழமை என்று முடிவானது. எந்த நாள் என்று பார்த்தது என் வீட்டுக்காரர். கலண்டரில் நாள் பார்த்து, கோயில் ஐயரிடமும் கேட்டு வந்திருந்தார். காலையில் நல்ல நேரம் இருக்கிறது, பத்தரைக்கு ராகு காலம் தொடங்கிவிடும், அதற்கு முன்னால் ஓட்டிவிட வேண்டும். ஹாஜியாருக்கும் அது வசதி. ராகு காலம் முடிய ஜும்மாத் தொழுகை வந்துவிடும். "ஒங்கட வழக்கத்த நீங்க செய்ங்க, எனக்கு அதுல ஒண்டும் இல்ல," என்று சொல்லி, பூசைக்குத் தேங்காயும் அவரே வாங்கிவைத்திருந்தார். இந்த ஊரில் இது ஒன்றும் புதுமை இல்லை. வங்கி திறந்தாலும், பஸ் வாங்கினாலும், யார் முதலாளியாக இருந்தாலும், நேரம் பார்க்காமல் சுவிச்சைத் தொடமாட்டார்கள்.

எங்கள் பக்கத்து மெஷின் வேலையில் இன்னொரு பழக்கமும் இருக்கிறது. புது மோட்டாரோ பம்ப்போ பூட்டினால் பொட்டு வைத்து, கற்பூரம் காட்டி, நல்ல நேரத்துக்கு ஒரு தடவை ஓட்டிவிடுவார்கள். எல்லாம் தயாராக இருக்க வேண்டும் என்று இல்லை. நேரத்துக்கு மெஷின் சுழன்றால் சரி, உண்மையான வேலை பிறகு நடக்கும். சாதாரண பம்ப் என்றால் அது ஒன்றும் ஆகாது. கொஞ்ச நேரம் காய்ந்துபோய் ஓடும், கயிறு கொஞ்சம் சூடாகும், அவ்வளவுதான்.

அன்றைக்கு அசிட் தொட்டியைக் கழுவிக் காயவைத்திருந்தார்கள். புது அசிட் கொழும்பிலிருந்து பவுசர் என்கிற தாங்கி வண்டியில் வருவதாக இருந்தது. கடுகண்ணாவை ஏற்றத்தில் லொறி ஒன்று பழுதாகி நிற்கிறது, வாகனமெல்லாம் ஊர்ந்து வருகிறது என்று சாரதி ஃபோனில் சொன்னார். சேர் நகத்தைக் கடித்தார். நானும் சேரும் கேட்டடிக்குப் போய் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றோம். நல்ல நேரம் போய்க்கொண்டிருந்தது. கீழே அறையில் என் வீட்டுக்காரர் சந்தனப் பொட்டு வைத்து, தேங்காய் உடைத்து, கற்பூரம் காட்டி, பத்தரைக்குக் கொஞ்சம் முன்னால் சுவிச்சைப் போட்டுவிட்டார்.

அது காய்ந்துபோய் ஓடி உள்ளே சூடேறுகிறது என்று யாருக்கும் தெரியவில்லை. பழைய பம்ப்பாக இருந்தால் கத்தியிருக்கும். இது என் பம்ப், சத்தம் போடாது. அவ்வளவு அழகாக ஓடுகிறதே என்று அதை நிறுத்தவும் யாருக்கும் மனம் வரவில்லை. தேங்காய்ச் சில்லும் பொங்கலும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். எனக்கும் ஒரு கை பொங்கல் கேட்டடிக்கு வந்தது. கீழே பம்ப் ஓடுவது தெரியாமல், நேரம் தவறிவிட்டதே என்று அவர் மனம் நொந்திருப்பார் என்று நினைத்துக்கொண்டே அதைச் சாப்பிட்டேன். பிறகுதான் பவுசர் வந்தது. குழாயை மாட்டித் தொட்டிக்குள் அசிட்டை விட்டார்கள், வால்வைத் திறந்தார்கள், குளிர்ந்த அசிட் பம்ப்புக்குள் பாய்ந்தது. எரிந்துகொண்டிருக்கும் லாம்பு சிம்னியில் தண்ணீர்த் துளி பட்டதுபோல, சூடேறிக் கிடந்த பெயாரிங் உள்ளே வெடித்தது. ஒரு கிறீச் சத்தம், அதற்குப் பிறகு கல் அரைக்கிற சத்தம். நான் கேட்டடியில் இருந்து ஓடி வருவதற்குள் சுவிச்சை அணைத்திருந்தார்கள்.

என் வீட்டுக்காரர் கையில் கற்பூரத் தட்டோடு நின்றார். அவர் முகத்தைப் பார்த்ததும் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. "அசிட் இல்லாம ஓட்டக் கூடாதுன்னு சொன்னேன்தானே," என்றேன். "சும்மா ஒரு சுத்துதானே புள்ள, நேரத்துக்கு," என்றார். எனக்கு அந்தத் தட்டைப் பிடுங்கி எறியலாம் போல் இருந்தது. ஆட்கள் நின்றார்கள், அதனால் எறியவில்லை.

ஹாஜியார் யாரையும் திட்டவில்லை. "அல்லாஹ்ட நாட்டம்," என்று சொல்லிவிட்டு, ஜும்மாவுக்குப் போகுமுன் பழைய பம்ப்பைப் பூட்டச் சொன்னார். பின்னேரம் என் வீட்டுக்காரர் மறுபடி அதே அறைக்குள், அதே சொட்டுக்கு முன்னால் நின்றார்.

புதிய பெயாரிங் வரும்வரை வாரக்கணக்காக அப்படியே போனது. நான் அவரோடு பேசினேன், ஆனால் தேவைக்கு மட்டும். சோற்றுக் கோப்பையை வைக்கிற சத்தத்திலேயே அவருக்கு என் மனநிலை தெரியும். அவர் பக்கத்து அறையில் இருமும்போதெல்லாம் கோபமும் பயமும் ஒன்றாக வந்தன. எது முன்னால் வந்தது என்று சொல்லத் தெரியவில்லை.

உடைந்த பம்ப்பை நன்றாகக் கழுவி எடுத்து வர்க்‌ஷொப்பில் திறந்தேன். பெயாரிங் துண்டு துண்டாகக் கிடந்தது. உள்காந்தத்தின் உறை கீறல் பட்டிருந்தது. கிண்ணத்தின் உட்சுவரிலும் பூனை பிறாண்டியதுபோல் கோடுகள். ஆனால் கிண்ணம் உடையவில்லை. உள்ளே அவ்வளவும் நொறுங்கியும் வெளியே ஒரு சொட்டு அசிட் வரவில்லை. கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அன்றைக்கு அந்த அறையில் கூட்டமாக ஆட்கள் நின்றார்கள், தேங்காய்ச் சில்லைத் தின்றுகொண்டு. சுவர் கொஞ்சம் மெலிந்திருந்தால் அத்தனை பேர்மேலும் அசிட் தெறித்திருக்கும். மூன்று தட்டு, ஒரு தட்டு என்று நான் மண்டையை உடைத்தது வீண்போகவில்லை.

சேர் அறிவித்தல் பலகை வைக்கலாம் என்றார். "வெறுமனே ஓட்ட வேண்டாம் எண்டு மூண்டு பாசையிலயும் எழுதிப் போடுவம்." நான் சிரித்துவிட்டேன். இந்த நாட்டில் மூன்று பாசையிலும் எழுதிப் போட்ட பலகைக்குக் கீழேதான் எல்லோரும் எச்சில் துப்புகிறார்கள். அதைவிட, எனக்கு வேறொன்று உறைத்துக்கொண்டே இருந்தது. அழுத்தத்தைக் கணக்கில் எடுத்தேன், சூட்டை எடுத்தேன், இரும்புத் தூளைக்கூட எடுத்தேன். இந்தப் பம்ப்பை ஓட்டப் போகிறவர்கள் வெள்ளிக்கிழமை ராகு காலத்துக்கு முன்னால் ஓட்டுவார்கள் என்பதும் ஒரு அளவுதானே? அதை மட்டும் ஏன் படத்துக்கு வெளியே விட வேண்டும்? நல்ல நேரம் அசிட் பவுசருக்காகக் காத்திருக்காது. அப்படியென்றால் பம்ப்தான் நல்ல நேரத்துக்குத் தயாராக இருக்க வேண்டும்.

தொட்டிக்கும் பம்ப்புக்கும் நடுவில், பம்ப்பைவிட உயரத்தில், ஒரு சின்னப் பீப்பாயை வைத்தேன். தொட்டி காய்ந்தாலும் பீப்பாயில் இருப்பது பம்ப்பின் வயிற்றை நிரப்பியே வைத்திருக்கும். அசிட் இல்லாத நாளில் பீப்பாயில் தண்ணீரை நிரப்பி, அதே தண்ணீரைச் சுற்றிச் சுற்றி ஓடவிடலாம். அந்த அசிட்டுக்குக் கொஞ்சம் தண்ணீர் சேர்வதால் கெடுதி இல்லை. பீப்பாய்க்குள் ஒரு மிதவை. திரவம் மட்டத்துக்குக் கீழே போனால் மிதவை இறங்கி மின்சாரத்தை வெட்டிவிடும். யார் கற்பூரம் காட்டினாலும் மோட்டார் அசையாது. சேர் படத்தைப் பார்த்து நெற்றியில் இருந்த கண்ணாடியை இறக்கினார், ஏற்றினார். "உது நல்ல நேரத்துக்கு ஒரு பீப்பா," என்றார். "ஓம் சேர்," என்றேன், வேண்டுமென்றே அவர் பாசையில்.

இரண்டாம் தடவை பூட்டியதும் ஒரு வெள்ளிக்கிழமைதான். வேறு நாள் சொன்னால் என் வீட்டுக்காரரின் முகம் வாடும் என்று தெரியும். அன்றைக்கும் நேரத்துக்குப் பவுசர் வரவில்லை என்றால் நீங்கள் நம்பமாட்டீர்கள், ஆனால் வரவில்லை. ஹாஜியார் வாசலில் நின்று, "தங்கச்சி, இந்த முற நேரம் பாத்தாச்சா?" என்று கிண்டலாகக் கேட்டார். "நேரமும் பாத்தாச்சு, தண்ணியும் பாத்தாச்சு ஹாஜியார்," என்றேன். கற்பூரம் காட்டி, சுவிச்சைப் போட்டதும் பம்ப் தண்ணீரில் சுழன்றது. மத்தியானத்துக்குப் பிறகு அசிட் வந்தது. ஒரு வாரம் கழித்தும் அறையின் தரை காய்ந்தே இருந்தது. சுண்ணாம்பு மூட்டையை அவிழ்க்கவில்லை.

எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்தேன். அடுத்த மாதம் வேறு வேலையாக அந்தப் பக்கம் போனவள் கீழே எட்டிப் பார்த்தால், மனுஷன் அறைக்குள் கதிரையைப் போட்டு பம்ப்புக்கு முன்னாலேயே உட்கார்ந்திருக்கிறார். ஸ்குரூ முடுக்குகிற திருப்புளியின் நுனியைப் பம்ப்பில் வைத்து, உள்ளே சத்தம் கேட்கிறதா என்று பிடியைக் காதில் வைத்துக்கொண்டு. சொட்டு நின்றாலும் அந்த அறை நல்ல காற்றுக்கான இடம் இல்லை. மேலே தொட்டிகளில் இருந்து எழும் ஆவி காற்றைவிடப் பாரம், சரிவில் இறங்கிப் பள்ளத்தில்தான் தங்கும். டொக்டர் சொன்னது பம்ப்பைப் பற்றி அல்ல, காற்றைப் பற்றி.

"இன்னும் என்னாத்துக்கு உள்ள இருக்கீங்க? அதான் சொட்டலயே," என்றேன்.

"அதான் பயமா இருக்கு," என்றார். "முந்தியது சொட்டுறதப் பாத்தே என்னா கோளாறுன்னு சொல்லிருவேன். இது வாயத் தொறக்க மாட்டேங்குது. உள்ள சுத்துதா, நிக்குதான்னு எப்புடித் தெரியும்? அன்னைக்கு எவ்வளவு அமைதியா ஓடிச்சு, தெரியும்தானே."

அதில் நியாயம் இருந்தது. காந்தம் கைவிட்டுவிட்டால் வெளியே மோட்டார் சந்தோஷமாகச் சுற்றிக்கொண்டுதான் இருக்கும். அதைச் சாப்பாட்டு மேசையில் நானே பார்த்தேன். மூடிய பம்ப் தன் நோயைச் சொல்லாது, வேறு எங்காவது இருந்துதான் நாடி பார்க்க வேண்டும். அதற்கு மோட்டார் குடிக்கும் மின்சாரத்தைக் காட்டும் மீற்றர் ஒன்று சுவிச்சுக்குப் பக்கத்திலேயே இருந்தது. முள் வழக்கமான இடத்தில் நின்றால் எல்லாம் சரி. கீழே விழுந்தால் உள்ளே திரவம் இல்லை, அல்லது காந்தம் கைவிட்டுவிட்டது. மேலே ஏறினால் ஏதோ உரசுகிறது. ஆனால் வழக்கம்போல அந்த மீற்றரும் அறைக்குள்தான் இருந்தது. முள்ளைப் பார்க்க வேண்டுமென்றால் காற்றைக் குடிக்க வேண்டும்.

மறுநாளே சேரிடம் சொல்லிவிட்டு வந்து, மீற்றரையும் சுவிச்சையும் கழற்றி வெளியே கொண்டுவந்தேன். ஓட்டையே வேண்டாம் என்று அவ்வளவு பாடுபட்டவள், கடைசியில் அந்த அறைச் சுவரில் வயருக்காக ஒரு ஓட்டை போட்டேன். அதைச் சீமெந்து வைத்து அடைத்தது என் வீட்டுக்காரர்தான். முள் நிற்க வேண்டிய இடத்தின் இரண்டு பக்கமும் சிவப்பு மையால் கோடு போட்டேன். வெளியே பலா மரத்துக்குக் கீழே கதிரையைப் போட்டுக்கொள்ளச் சொன்னேன். முதல் சில நாட்கள் அடிக்கடி எழும்பிக் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாராம். ஹாஜியார் சொல்லித்தான் தெரியும். பிறகு அது குறைந்தது. பிறகு வடிகூடையைக் கழுவும் நாட்களில் மட்டும், முகமூடி போட்டுக்கொண்டு உள்ளே போவது என்று ஆனது. மற்ற நேரமெல்லாம் கதவுக்குப் பூட்டு.

அவருடைய சொந்த இடம் ஹுன்னஸ்கிரிய. வருஷா வருஷம் தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்குப் போவோம். பஸ் பெரிய ரோட்டில் இறக்கிவிடும், அங்கிருந்து தேயிலைக்கு நடுவே ஏறிப் போக வேண்டும். முந்தைய வருஷம் அந்த ஏற்றத்தில் அவர் பாலக்கட்டில் உட்கார்ந்தார், பிறகு கொழுந்து நிறுக்கிற மடுவத்துப் படியில் உட்கார்ந்தார். யாராவது பார்த்தால் கால் வலி எனக்குத்தான் என்று என்னையே சொல்லச் சொன்னார். நானும் சொன்னேன்.

இந்த வருஷம் அவர் முன்னால், நான் பையோடு பின்னால். பஸ்ஸை விட்டு இறங்கியதும் பேச ஆரம்பித்தவர்தான். தம்பி வாங்கிய ஆட்டோவைப் பற்றி, தோட்டத்துப் புதுத் தலைவரைப் பற்றி, கோயில் கூரைத் தகரத்தைப் பற்றி என்னவோ. பாலக்கட்டைத் தாண்டினோம். மடுவத்தைத் தாண்டினோம். பேச்சு நிற்கவில்லை. மடுவத்துக்கு மேலே வளைவில் திரும்பிப் பார்த்து, "நான் இவ்வளவு நேரமா என்னா சொன்னேன், சொல்லு பாப்போம்," என்றார்.

எனக்கு ஒரு வார்த்தைகூடத் தெரியாது. ரோட்டில் இருந்து அந்த வளைவுவரை நான் வார்த்தைகளைக் கேட்கவே இல்லை. அவருடைய மூச்சைத்தான் கேட்டுக்கொண்டு வந்தேன், அது ஓரிடத்திலும் அறுபடவில்லை. பையைக் கை மாற்றிக்கொண்டேன்.

"ஒண்ணும் காதுல விழல. மறுபடி முதல்ல இருந்து சொல்லுங்க," என்றேன்.

சலித்துக்கொண்டார். ஏறிக்கொண்டே முதலில் இருந்து தொடங்கினார்.